பெட்டிமேல் அமர்ந்த தந்தை

நேற்றுவரை வேந்தனின் அரண்மனையாய் நின்ற அட்டைச் சுவர்கள், வெள்ளை பூசப்பெற்று, இன்று ஏழை எழுத்தரின் இல்லமாய் மாறி ஈரம் உலர்த்திக்கொண்டிருந்த இளங்காலைப் பொழுதில், ஆணிகளும் கம்பிச் சுருள்களும் இறைந்து கிடந்த படப்பிடிப்புக் கூடத்தினுள், கைகளைப் பின்னே கட்டியவாறு உலவிய இயக்குநரை, கற்றறிந்தோரே, சற்றே நின்று காண்மின். போர்க்கதை என்றால் புகையைக் கிளப்பியும், பேய்க்கதை என்றால் கதவை முனகவைத்தும், காதற்கதை என்றால் குழாய்நீரை மழையாய்ப் பொழிவித்தும், முதலாளி இட்ட எப்பணியையும் முகங்கோணாது முடித்துத் தந்தவர் அவர். தோழர்கள் அவரைப் பச்சோந்தி என்றனர். அவரும் சிரித்துக்கொண்டே அப்பெயரை ஏற்றார்.

அன்றோ அவர் நெஞ்சில் சிரிப்பில்லை. மகளைப் பிரியும் தந்தையாக நடிக்க, தம் மனைவியின் அண்ணனான நாடறிந்த நகைச்சுவை நடிகரை அவர் தேர்ந்திருந்தார். பல்லாண்டுகளாய்ப் பிறர் உதைக்க உருண்டு விழுந்த அம்மனிதர், ஒருமுறையேனும் மக்கள் தம்மைக் கண்டு கலங்க வேண்டுமென ஏங்கியதை அவர் அறிவார். முதலாளியோ, "உங்க மச்சான் வந்து நின்னாலே சிரிப்பு வருது. மத்தியானத்துக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆள்தான்" என்று அறுத்துச் சொல்லிவிட்டு, மூலையில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார்.

நடிகர் விம்மினார், விளக்குப் பிடிப்போர் சிரிப்பை அடக்க வாய்பொத்தினர். மார்பில் அறைந்து அழுதார். ஒளிப்பதிவாளரின் தோள்களே குலுங்கின.

"விடுங்க மாப்பிள்ளை. நான் அழுதா வெங்காயமே சிரிக்கும்."

"அழச் சொன்ன என்மேலதான் தப்பு மச்சான். மக கிளம்பறா, பெட்டி மூடமாட்டேங்குது. உங்க வழக்கப்படி மூடுங்க, போதும். டேய், சிரிப்பு வந்தா எல்லாரும் தாராளமா சிரிங்க. குரலை அப்புறம் சேர்த்துக்கலாம்."

நடிகர் பெட்டியை அழுத்தினார். மூடி துள்ளித் திறந்தது. முழங்காலால் அமுக்கினார், ஒரு சட்டைக்கை நாக்குபோல் வெளியே நீண்டது. கூடம் அதிரச் சிரித்தது. முடிவில் அவர் எம்பிக் குதித்து மேலே அமர, பூட்டு 'டக்' என விழுந்தது.

அவர் எழவில்லை.

எழுந்தால் மகள் போய்விடுவாள். அஃது அவருக்குத் தோன்றிய கணமே, கூடத்தில் எஞ்சியிருந்த சிரிப்பு ஒவ்வொரு வாயாய் அடங்கியது.

மகளாய் நின்ற பெண், எவரும் எழுதித் தராத சொல்லைச் சொன்னாள்: "அப்பா, எழுந்திருங்க."

"கொஞ்சம் இரும்மா. மறுபடி திறந்துக்கப் போகுது."

நிறுத்தச் சொல்ல இயக்குநர் மறந்தார். படச்சுருள் தீர்ந்து ஒளிப்பதிவுக் கருவியே ஓய்ந்தது.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வேற ஆளை வரச் சொல்லிட்டேனே, அவன்கிட்ட என்னய்யா சொல்ல?"

"அடுத்த பேய்ப்படத்துல போட்டுடலாம் முதலாளி."

"மாப்பிள்ளை, நான் எழுந்திருக்கலாமா?" என்றது பெட்டிமேலிருந்து ஒரு குரல்.

அதன்பின்னும் இயக்குநர் போரும் பேயும் காதலுமாய்ப் பல படங்கள் எடுத்தார்; சில ஓடின, பல மறைந்தன. ஆயினும் அத்தந்தை எழ மறுத்த சிறுபொழுதில், எத்தனையோ ஊர்களின் இருண்ட அரங்குகளில், அருகிருந்தோர் அறியாமல் கண் துடைத்துக்கொண்டோர் பலர். கலை புனையும் வேடங்கள் ஆயிரம். அன்பு அவற்றுள் எதனை உடுத்து வரினும், மாந்தர் அதனை அடையாளம் கண்டுகொள்வர்.