ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்க

டப்ளினில் எங்கே குடிக்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்தக் கேள்விக்கு வாயைக் கொடுத்துத்தான் நான் இருபத்தெட்டு வருஷம் குடித்த இடத்தை இழந்தேன். கேட்டவளைச் சொல்லிக் குற்றமில்லை. சின்னப் பெண், பத்திரிகைக்காரி, பிழைப்புக்குக் கேட்டாள். வாய் என்னுடையது.

நான் ஃபின்டன் கஃப். ரொட்டி வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் ஆரம்பிக்கிற வேலை, மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்கு நாங்கிள் பப்புக்குப் போனால், மலாக்கி ஏற்கெனவே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் கன்செப்டா நாங்கிள். அறுபத்தெட்டு வயது, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, அப்பா விட்டுப்போன கடையைத் தனியாக நடத்துகிறவர். நான் கதவைத் தள்ளும்போதே கிளாஸைக் குழாயடியில் சாய்த்துவிடுவார். கறுப்பு பீரை, நாங்கள் பைன்ட் என்று சொல்கிற பெரிய கிளாஸில், ஒரேயடியாக ஊற்றக் கூடாது. முக்கால் கிளாஸ் ஊற்றி, அது அடங்கித் தெளியும்வரை வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை ஊற்ற வேண்டும். அதற்குள் நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, தானாக வந்துவிட்டது. முதுகுப் பை மாட்டிய யாராவது தெருவில் மடக்கி, நல்ல பப் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நாங்கிள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாலும் சரி, "ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்க, ஸ்பெலிஸின்னு கேளுங்க" என்று அனுப்பிவிடுவோம். ஒருமுறை மழையில் நனைந்து நின்ற நாலு ஜப்பான்காரர்களுக்கு மலாக்கி தன் குடையையே கொடுத்துப் பாலம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். குடை போனால் போகட்டும், நம் இடம் பத்திரமாக இருந்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். ஸ்பெலிஸி எப்படிப்பட்ட பப் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் அங்கே காலெடுத்து வைத்ததில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள். ஊரிலுள்ள நல்ல பப்களைப் பற்றிச் சனிக்கிழமைப் பேப்பரில் எழுதப் போகிறாளாம். கன்செப்டா அப்போது பீப்பாய் மாற்றக் கீழே நிலவறைக்குப் போயிருந்தார்.

"இங்க ரொம்ப நாளா வர்றீங்களா சார்?"

"இருபத்தெட்டு வருஷமா."

"அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஊர்லயே நல்ல பைன்ட் எங்க கிடைக்கும்? இங்கதானா?"

மலாக்கி பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தான். பேப்பரில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். வாசலில் வரிசை நிற்கும், நாங்கள் நிற்க இடமிருக்காது.

"இங்கயா?" என்று சிரித்தேன். "இது வயசானவங்க குளிருக்கு ஒதுங்கற இடம்மா. நல்ல பைன்ட் வேணும்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பெலிஸிக்குப் போ."

அவள் எழுதிக்கொண்டு, என்னை ஒரு படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மலாக்கி, காசு கொடுக்கிற தன் முறை வராமலேயே, எனக்கு ஒரு பைன்ட் சொன்னான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நான் ஏதோ ஊரையே காப்பாற்றியவன்போல நடந்தேன்.

அதற்குப் பிறகு மூன்றாவது சனிக்கிழமை நாங்கிள் கதவைத் தள்ளினேன். குழாயடியில் கிளாஸ் இல்லை. கவுண்டர்மேல் பேப்பர் விரித்திருந்தது. அதில் நான் பல்லை இளித்துக்கொண்டிருந்தேன். என் தலைக்குப் பின்னால், கண்ணாடியில் நாங்கிள் என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"படி" என்றார் கன்செப்டா.

"கன்செப்டா, அது வந்து..."

"சத்தமாப் படி."

படித்தேன். வயசானவங்க குளிருக்கு ஒதுங்கற இடம் என்ற வரிக்கு வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. மலாக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்டம் வந்துடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். நம்ம இடமாச்சேன்னு."

"அந்தப் பேப்பருக்கு நான் மூணு கடுதாசி போட்டேன், ஃபின்டன். ஒரு ஆளை அனுப்புங்க, எங்க கடையைப் பத்தி நாலு வரி எழுதுங்கன்னு. மூணாவதுக்குத்தான் அனுப்பினாங்க."

அவர் பேப்பரை மடித்து என் கையில் வைத்தார்.

"நீ இனிமே வேற எங்கயாவது குடி. ஊர்ல இடமா இல்ல? உனக்குத்தான் நல்ல இடமெல்லாம் தெரியுமே."

அவர் கத்தியிருந்தால் நான் மறுநாள் போய் நின்றிருப்பேன். கத்தவில்லை. திரும்பிக் கிளாஸ் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அப்படி வெளியே அனுப்பப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மலாக்கி என் வீட்டுக்கு வந்தான். டீயைக் குடித்து முடித்து, பிஸ்கட்டையும் தீர்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"ஓட்டல்காரங்க அந்தக் கட்டடத்தைக் கேக்கறாங்களாம்டா. கன்செப்டா ஆகஸ்ட் கடைசிவரைக்கும் தவணை சொல்லிருக்காங்க. அதுக்குள்ள வியாபாரம் தேறலேன்னா குடுத்துட்டு அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவாங்களாம்."

"நமக்கு ஒரு வார்த்தை சொல்லலயே."

"நேத்து சொன்னாங்க. ஆறு பேர், ஆளுக்கு ரெண்டு பைன்ட், நாலு மணி நேரம். இதுல கடை ஓடுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"டாக்டர் எனக்கு ரெண்டுக்கு மேல கூடாதுன்னிருக்காருன்னு சொன்னேன்."

"நாம ஆளுங்களைத் திருப்பி விட்டுட்டிருந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

மலாக்கி காலிக் கோப்பையை ஆராய்ந்தான். "கேட்டாங்க. சொல்லிட்டேன். என்னையும் விரட்டிடுவாங்களோன்னு பயமாருந்தது, அதனால எல்லாம் உன் யோசனைதான்னுட்டேன்."

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?"

"யாராவது ஒருத்தன் உள்ள இருந்தாத்தானே உனக்குச் சேதி கொண்டு வர முடியும்?"

அவனைத் திட்டி என்ன பயன். இத்தனை வருஷமாக நாங்கள் அந்தக் கடையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தோம். அதைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அன்று முழுக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு ரெண்டு பக்கக் கடிதம் எழுதி மலாக்கியிடம் கொடுத்தனுப்பினேன். ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் கன்செப்டா அதை மடித்து வைத்துவிட்டதாகவும், மேஜை இப்போது ஆடுவதில்லை என்றும் வந்து சொன்னான்.

குடிக்க இடம் தேடி அலைந்தேன். இந்த ஊரில் பப்புக்கா பஞ்சம்? ஒரு இடத்தில் நாலு சுவரிலும் டிவி. ஒரு இடத்தில் மெத்தை நாற்காலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். இன்னொரு இடத்தில் ஃபிடில் வாசிக்கிற பையன் ஒரே பாட்டை அரை மணிக்கு ஒருமுறை புதிதாக ஞாபகம் வந்தவன்போல ஆரம்பித்தான். பிராட்ஸ்டோன் பக்கம் ஒரு கடை நன்றாகவே இருந்தது. நல்ல கணப்பு, நல்ல ஆட்கள். அங்கே உட்கார்ந்துதான் எனக்கு முதல்முதலாக அழுகை வந்தது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூலையில் ஒருநாள் எரிச்சல் தாங்காமல் பாலத்தைத் தாண்டி ஸ்பெலிஸிக்கே போனேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று. உள்ளே நுழைந்தால் நிற்க இடமில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் பல்லை இளித்துக்கொண்டிருந்தேன். முதலாளி டொனக்கா ஸ்பெலிஸி என்னைக் கண்டதும் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, உங்க புண்ணியத்துல இந்த வருஷம் மேல்கூரையை மாத்திட்டோம். இங்க நீங்க காசே குடுக்கக் கூடாது."

உட்கார வைத்து ஒரு பைன்ட் வைத்தார். ஒரு வாய் குடித்தேன். அடப்பாவி என்று இருந்தது. நன்றாக இருந்தது. சும்மா நன்றாக இல்லை, நான் அதுவரை குடித்ததிலேயே நல்ல பைன்ட் அதுதான். என் பொய் நிஜமாகிப் போனதில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அப்போது பக்கத்தில் நின்ற கனடாக்கார அம்மாள் ஒருத்தி சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்கதானே? இந்த ஊர்ல வேற எங்க போகலாம், சொல்லுங்களேன்."

நான் டொனக்கா அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு அவள் காதருகே குனிந்தேன். "இங்க எல்லாரும் வருவாங்க. எங்காளுங்க குடிக்கற இடம் வேற. பாலத்தைத் தாண்டி இடது பக்கம், பச்சைக் கதவு, நாங்கிள். சத்தம் போடாதீங்க, போட்டோ எடுக்காதீங்க. யார் அனுப்பினாங்கன்னு கேட்டா வாயே திறக்காதீங்க."

அவள் கண் விரிந்தது. கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு எனக்கு அதுவே வேலை. என் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன். யாராவது அடையாளம் கண்டு வருவார்கள். இரண்டு பேர், மூன்று பேர் என்று ரகசியம் சொல்லி அனுப்புவேன். ஒரு இடத்தைப் பற்றிப் பேப்பரில் படித்தவன் நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடுவான். காதில் சொல்லக் கேட்டவன் அப்போதே எழுந்து போகிறான். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா, கன்செப்டா என்ன சொன்னார், எதுவும் எனக்குத் தெரியாது. டொனக்காவை நினைத்தாலும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவருக்குத்தான் புதுக்கூரை போட்டாயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் மலாக்கி என்னைப் பிடித்துக்கொண்டு புலம்பினான்.

"எவனோ ஒரு நாய் ஆளுங்களை அனுப்பிட்டிருக்கான்டா. உன் ஸ்டூல்ல தினம் ஒரு டச்சுக்காரன் உக்காந்துக்கறான். நேத்து எனக்குப் பேப்பர் விரிக்க இடமில்ல."

"கன்செப்டா எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, பாட்டு முணுமுணுக்கறாங்க. நாப்பது வருஷத்துல கேட்டதில்ல. சகிக்கல."

நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம், புதன்கிழமை. இரண்டு இத்தாலிக்காரர்களுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு நிமிர்கிறேன், கதவைத் திறந்துகொண்டு கன்செப்டா நாங்கிள் நிற்கிறார். கோயிலுக்குப் போட்டுக்கொள்கிற நீலக் கோட்டு. நேராக வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, டொனக்காவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். அவர் யாரென்று டொனக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பைன்ட்டை ஊற்றும்போது மூச்சுகூட விடவில்லை மனிதர்.

"கடையை யார் பாத்துக்கறாங்க?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"மலாக்கி."

"அவனுக்கு ஊத்தத் தெரியாதே."

"தெரியாதுதான். வந்திருக்கறவங்களுக்கும் அது தெரியாது." கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "ஜூலைலேர்ந்து எனக்கு யாரோ ஆள் அனுப்பறாங்க, ஃபின்டன். எல்லாரும் பூனை மாதிரி உள்ள வந்து மூலையில உக்காந்துக்கறாங்க. யாரு அனுப்பினான்னு கேட்டா கூரையைப் பாக்கறாங்க. முதல் நாளே ஒரு கனடாக்காரம்மா உளறிட்டா. சுவத்துல போட்டோவா இருக்கற ஆளுன்னு."

"முதல் நாளேவா? அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடல?"

"நீ எவ்வளவு நாள் அனுப்பறேன்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஓட்டல்காரங்களுக்கு நேத்து பதில் சொல்லிட்டேன். குடுக்கறதா இல்லன்னு."

"ரொம்ப சந்தோஷம், கன்செப்டா." என் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

பைன்ட் வந்தது. கன்செப்டா ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். கிளாஸைக் கீழே வைத்து, உதட்டிலிருந்த நுரையைத் துடைத்தார்.

"இப்ப ஒண்ணு கேக்கறேன். பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். எது நல்ல பைன்ட்? இதா, என்னோடதா?"

டொனக்கா துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. ஒரு பொய்யால் நாங்கிள் கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு பொய் சொன்னால் திறந்துவிடும். உங்களோடதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். கன்செப்டா முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"இதுதான்" என்றேன். "பேப்பர்ல சொன்னப்ப அது பொய். இங்க வந்து குடிச்சப்பறம்தான் நிஜம்னு தெரிஞ்சுது."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அப்ப இங்கயே இருந்துக்க வேண்டியதுதானே. படம் வேற மாட்டி வெச்சிருக்காங்க."

"இங்க நான் உள்ள வந்தா எல்லாரும் எழுந்து கை குடுக்கறாங்க. தினமும். யாராவது எதாவது கேட்டுட்டே இருக்காங்க. உங்க கடைக்குள்ள நான் வந்தா ஒருத்தனும் தலையைத் தூக்கிப் பாக்க மாட்டான், கன்செப்டா. எனக்கு அதுதான் வேணும். பைன்ட் எப்படி இருந்தா என்ன."

கன்செப்டா அந்தப் பைன்ட்டை, அவசரமில்லாமல், அடிவரை குடித்து முடித்தார்.

"குழாயை மாத்தணும்னு எங்கப்பா இருந்தப்பவே சொன்னேன்" என்றார் காலிக் கிளாஸைப் பார்த்து. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "உன் ஸ்டூல்ல ஆள் இருக்கு. நல்ல மனுஷன், நான் எழுப்ப மாட்டேன்."

"நின்னுக்கறேன்."

"நாளைக்கு நாலு மணிக்கு வா." கதவுவரை போனவர் கைப்பிடியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "எவனும் உன்னைத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெக்கறேன்."