ஐந்நூறு வாட்டும் ஓர் இரும்புத் துண்டும்

1

இக்கதை ஒரு வில் தராசிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அத்தராசு இன்னமும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதனைப் பார்க்க அஞ்சி இரண்டு திங்களாக இழுப்பறையைத் திறவாதிருக்கிறேன். எழுதுதாளும் அதற்குள்ளேயே இருப்பதனால், 2008ஆம் ஆண்டின் நாட்காட்டியைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம் இவ்வாறு இருந்தது: "ஓசூரில் மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில்"

அடித்துவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. அஞ்சுகிறவன்தான் வானிலையில் தொடங்குவான்.

இரண்டாம் தொடக்கம்: "சுடலைமுத்து எடையை நம்பினார்." இஃது உண்மை. இதுவே நிற்கட்டும்.

2

சுடலைமுத்து எடையை நம்பினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வார்ப்புகளைச் சோதித்து வருபவர் அவர். ஒரு வார்ப்பைக் கையில் ஏந்திய மாத்திரத்தில், அது இருக்கவேண்டிய கனத்தில் இல்லையாயின், உள்ளே எங்கோ பொள்ளல் விழுந்திருக்கிறதென்று ஒதுக்கிவிடுவார். அறுத்துப் பார்த்தால் பொள்ளல் இருக்கும். அந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அவருடைய மகள் லாவண்யா பர்கூரில் பொறியியல் படித்தாள். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக் கணினியில் கார்ப்பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் ஆடுவாள். அவ்வாட்டங்களுக்கென்று புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கியிருந்தாள். பழைய எஸ்எம்பிஎஸ் அதனைத் தாங்காது. (எஸ்எம்பிஎஸ் என்பது, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தரும் தகரப் பெட்டி. இக்கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.)

பெங்களூருக்குப் பேருந்து ஏறிய தந்தையிடம் அவள் சொல்லியனுப்பினாள்:

"அப்பா, ஸ்டிக்கர்ல எத்தன வாட்னு வேணாலும் அச்சடிப்பாங்க. பன்னண்டு வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்ஸ்னு மட்டும் பாருங்க. பதினெட்டுக்குக் கொறையக் கூடாது."

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் நானூறு வாட் என்றும், பன்னிரண்டுக்கு நேரே பதினெட்டு என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது. ஆயினும் அது கையில் வெற்று டப்பாவைப்போல் இருந்தது. மற்றதில் ஐந்நூறு வாட் என்பது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சிற்றெழுத்துக்கள் மங்கிக் கிடந்தன. ஆனால் அது கனத்தது. சுடலைமுத்து இரண்டையும் இரு கைகளில் ஏந்தி, கண்ணை மூடி நின்றார். கை கனத்ததைத் தேர்ந்தது.

3

[படிப்பவர் கேட்கலாம்: மகள் அத்துணைத் தெளிவாகச் சொல்லியும் அவர் ஏன் கேட்கவில்லை? அவர் அறிவிலியா? நானும் அவர்மேல் ஐயுற்று இப்பகுதியை மும்முறை திருத்தினேன். மும்முறையும் ஓர் ஆளைக் கதையிலிருந்து நீக்கிவிட்டே திருத்தினேன். இப்பொழுது அவரைத் திரும்பக் கொணர்கிறேன்.]

சுடலைமுத்து முடிவைத் தம் கையளவில் விட்டுவிடவில்லை. ஊர் திரும்பியதும், கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் பழைய பெட்டியையும் புதியதையும் கொண்டுபோனார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அவர் பள்ளிக்காலத்து வில் தராசை எடுத்துப் பழைய பெட்டியைத் தொங்கவிட்டார், எண்ணூறு கிராம். புதியதைத் தொங்கவிட்டார், ஆயிரத்து முந்நூறு.

"கனம் என்றால் உள்ளே செம்பு அதிகம் என்று பொருள். நல்ல சரக்கு, சுடலைமுத்து" என்றார்.

உடன் வந்திருந்த லாவண்யா ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆம்ஸ் நம்பரே அழிஞ்சு கெடக்கு சார்."

"எடை அழியாதம்மா."

அவள் சிரித்துவிட்டாள். பெரியவர்கள் இருவர் சொல்லியபின் அவள் என்ன செய்வாள்? மறுநாள் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை மின்வெட்டு. அந்நேரத்தில் மாட்டிவிட்டு, கரண்ட் வந்ததும் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி மாடியேறினாள்.

(ஆசிரியர், அவர் என்றெல்லாம் எழுதுவது எளிதாயிருக்கிறது. அந்த வீட்டுக்காரன் நான்.)

4

மறுநாள் ஒன்றேகால் மணிக்கு, ஆலையின் கேண்டீனில், சுடலைமுத்து தாம் பெட்டி வாங்கிய கதையைச் சற்றுப் பெருமையுடனேயே சொன்னார். எதிரில் உண்டுகொண்டிருந்த முனிராஜ் ஆலையின் எலக்ட்ரீசியன். வீட்டில் தெலுங்கு பேசுபவர். அவர் உண்பதை நிறுத்தினார்.

"எடையப் பாத்தாண்ணா எடுத்த?"

"ஆமா. வேற எதப் பாக்கணுங்க?"

"போன மாசம் இதே மாதிரி பெட்டி ஒண்ணு வெடிச்சுதுன்னு பிரிச்சேண்ணா. உள்ள ஒரு இரும்புத் துண்ட வெச்சு ரிவெட் அடிச்சிருக்கான், கனமா தெரியட்டும்னு. மத்தபடி ஒண்ணுமில்ல. நீங்க தள்ளுற ரிஜெக்ட் பீஸேகூட அதுக்குள்ள போயிருக்கும்ணா."

மேசையில் எல்லோரும் சிரித்தனர். சுடலைமுத்து தயிர்ச்சோற்றைத் தள்ளிவைத்தார். முன்னொருநாள் ஆலையின் மின்பலகை வெடித்தபொழுது உடன்வேலை செய்த ஒருவரின் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியதைக் கண்டவர் அவர். இப்பொழுது அவர் கண்முன் வந்தது தம் வீட்டின் ஒற்றை அறை. கணினி மேசைக்கு இடப்புறம் சமையல் மேடை. மேடைக்கடியில் கேஸ் சிலிண்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு முழத்திற்கு மேல் இடமில்லை.

கேட் பாஸ் கிடைக்க ஒன்று நாற்பதாகிவிட்டது. வாயிலில் ஒப்படைத்திருந்த செல்போனை வாங்கினார். வீட்டில் தொலைபேசி இல்லை, மகளிடம் செல்போனும் இல்லை; மனைவி பேச்சியம்மாள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலையிலிருந்தார். ஆகவே கீழ்வீட்டை அழைத்தார்.

"சார், மாடி ஃபியூஸ் கட்டய உருவிருங்க. புள்ள ரெண்டு மணிக்குப் போட்டுருவா. உள்ள இரும்பு வச்சிருக்கானாம் சார்."

பிறகு டிவிஎஸ் வண்டியை முடுக்கினார். அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியை நோக்கி லாரிகள் வரிசையாய் நின்றன. அவற்றின் இடுக்குகளில் வண்டியை நுழைத்தபொழுது, ஒவ்வொரு டீக்கடையிலும் மின்விசிறி சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே சென்றார். சுழலவில்லை. இன்னும் சுழலவில்லை.

5

முற்றத்தில் நின்று நான் லாவண்யாவை இருமுறை அழைத்தேன். அவள் காதில் பாட்டுக் கருவியைச் செருகியிருப்பாள் போலும், மறுமொழி இல்லை. மாடிப்படி ஏற என் முழங்கால் இடந்தராது. ஆகவே படிக்கடியிலுள்ள மின்பலகைக்குச் சென்றேன். அங்கே மூன்று ஃபியூஸ் கட்டைகள். எது மாடியினது என்று எழுதியிருந்த எண்கள் சுண்ணாம்பின்கீழ் மறைந்திருந்தன.

மூன்றையும் உருவலாமே என்பீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் மின்னோட்டத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு ஃபியூஸ் கட்டையையும் தொட்டதில்லை. உருவுகின்ற அந்நொடியில் மின்சாரம் வந்துவிட்டால் என்று

இத்தொடரை முடிக்க இயலவில்லை.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் கட்டைகளை உருவிவிடுகிறேன். சுடலைமுத்து ஓடிவந்து பெட்டியைப் பிரிக்கிறார். இரும்புத் துண்டு வெளியே விழுகிறது. அவர் அதனைக் கையில் ஏந்திப் பார்க்கிறார்: பொள்ளல் இல்லாத நல்ல வார்ப்பு. இது எனக்குப் பிடித்த முடிவு. நான் நல்லவனாகத் தோன்றுவதனால் அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் மின்சாரம் வருகிறது, ஒன்றும் நிகழவில்லை. எல்லோரும் முனிராஜைக் கேலி செய்கிறார்கள். பெட்டி சிலிண்டருக்கு ஒரு முழத் தொலைவில் நாள்தோறும் சூடேறிக்கொண்டே இருக்கிறது. இதனை எழுதிய இரவு நான் உறங்கவில்லை.

மூன்றாவது, "மாடியிலிருந்து ஒரு" என்பதற்கு மேல் செல்லவில்லை.

நிகழ்ந்தது இவற்றுள் எது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை. நான் நிறுத்திய இடத்தை மட்டும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. சுடலைமுத்துவின் வண்டி தெருமுனையில் திரும்புகிறது. என் வலக்கை நடுக்கட்டையின்மேல் இருக்கிறது. மாடியில் லாவண்யா சுவிட்சை முன்னதாகவே போட்டு வைத்துவிட்டு, இருண்ட திரைமுன் அமர்ந்து, அது ஒளிரக் காத்திருக்கிறாள்.

எதிர்வீட்டு மின்விசிறி மெல்ல