முன்னால் நிற்பவரை அனுப்பும் பகுதி

தொண்டாமுத்தூர் சாலையில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியின் வாசலில், ஏப்ரல் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எண்ணூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பதினொரு மணிக்கு அங்கே யாரும் இல்லை. அவர்கள் நடந்தும் வரவில்லை, பஸ்ஸிலும் வரவில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர் கையில் மஞ்சள் கொம்போடு நின்றார். கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் லட்சுமணசாமி எண்ணெய்க் கையோடு நின்றார். பல் பிடுங்கிக்கொள்ள நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவர் திறந்த வாயை மூடாமலேயே நின்றார். யாரும் சத்தம் போடவில்லை. முன்னால் ஒரு முதுகும் பின்னால் ஒரு மூச்சும் இருந்தால் அது வரிசை. வரிசை என்று இருந்தால் கடைசியில் ஏதோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் ஆளாக நின்ற மயிலாத்தாள், மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கையிலிருந்த மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாட்ச்மேனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்க, சன்னலு எப்பத் தொறப்பாங்க?"

போகப் பார்த்தவர்களும் உண்டு. டீக்கடைத் திருப்பம் வரைக்கும் கால் தாராளமாகப் போனது. திருப்பத்தைத் தாண்டியதும் அவர்கள் பழையபடி தங்கள் இடத்திலேயே, அதே முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மூன்று தடவை போய்ப் பார்த்தவர்கள் நான்காவது தடவை டீயோடு நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் வீடுகளிலிருந்து பாயும் சாப்பாட்டுத் தூக்குப்போசியும் வந்துவிட்டன. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் சாமியானாவைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, சும்மா கிடப்பதுதானே என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரிசை வந்த விதம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் புரோகிராம்களை எழுதுவார்களே தவிர இயக்க மாட்டார்கள். இயக்குகிற அளவுக்கு அங்கே கம்ப்யூட்டர்கள் உயிரோடு இல்லை. மாணவர்கள் போன வருடத்துக்காரர்களின் ரெக்கார்ட் நோட்டை வாங்கி, பார்த்து எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் புரோகிராம் இயக்கிச் சரிபார்க்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் முடிப்பார்கள். உதவிப் பேராசிரியர் ஃபர்சானா பச்சை மையில் கையெழுத்துப் போடுவாள். வருடத்துக்கு நானூறு நோட்டு என்றால் யாரால் படிக்க முடியும்? எல்லா நோட்டும் ஒரே மாதிரி இருந்தால் அசிங்கம் என்பதால் ஒரு விதி மட்டும் இருந்தது: உதாரணத்துக்குப் போடும் பெயர்களை அவரவர் ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டுக்குப் பதினான்கு பெயர். இந்த வருடம் தரச்சான்றுக் குழு மே மாதம் வருகிறது என்று புது கம்ப்யூட்டர்கள் அறுபது வந்து இறங்கின. துறைத் தலைவர் பாலகோபால், நோட்டில் இருப்பதை எல்லாம் ஒரு தடவையாவது இயக்கிப் பார்த்துவிடச் சொன்னார். திங்கட்கிழமை காலை இரண்டாம் வருட மாணவர்கள் அறுபது பேரும், வரிசை என்ற பாடத்தின் புரோகிராமை ஒரே நேரத்தில் இயக்கினார்கள். அப்போது மணி பதினொன்றே கால்.

புதன்கிழமை மத்தியானம் ஃபர்சானா வாசலுக்கு வந்தபோது, வரிசையின் கடைசியில் எண்ணூற்று நாற்பத்தோராவது ஆளாக அவளுடைய தகப்பனார் அப்துல் குத்தூஸ் நின்றுகொண்டிருந்தார். கோட்டைமேட்டில் நாற்பது வருடமாகத் தராசு பழுது பார்ப்பவர் அவர்.

"அத்தா, இங்க என்ன பண்றீங்க?"

"கண்ணாடிய மறந்துபோட்டு வந்துட்டே கண்ணு. கொண்டாந்தேன். வரிசை நின்னுச்சு, முறையாப் போலாம்னு நின்னேன்."

"இது உள்ள வர்ற வரிசை இல்லீங்கத்தா."

"பின்ன எதுக்கு நிக்கறாங்க?"

ஃபர்சானா அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். டீக்கடைத் திருப்பத்தில் அவள் கையில் காற்றுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தா கடைசியில் நின்று, இவளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

அவள் அங்கேயே நின்று நாளை எண்ணினாள். அப்துல் குத்தூஸ் பத்து வருடம் ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போட்டு, பதினோராம் வருடம் குலுக்கலில் பெயர் வந்திருந்தது. சென்னையிலிருந்து விமானம். இங்கிருந்து ஏப்ரல் இருபத்தாறாம் தேதி மூன்று மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே உடுத்த வேண்டிய வெள்ளை இஹ்ராம் துணி துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. ரயிலுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவருக்கு முன்னால் எண்ணூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

அன்றைக்குத்தான் ஃபர்சானா அந்தப் புரோகிராமை முதல் முறையாகப் படித்தாள். வரிசைக்கு இரண்டு பகுதி வேண்டும். புதிதாக வருபவரைப் பின்னால் சேர்ப்பது ஒன்று. முன்னால் நிற்பவரை அனுப்புவது இன்னொன்று. நோட்டில் முதல் பகுதி மட்டும் இருந்தது. "இதெல்லாம் சிலபஸ்ல இருக்குதுங்களே மேடம்," என்றார் பாலகோபால். "நீங்க நடத்தியிருப்பீங்க." போன வருட நோட்டில் பார்த்தாள், அதிலும் இல்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் பழைய நோட்டுகளை வருடம் வருடமாகப் பின்னால் போய்ப் பார்த்தாள். தேடல் பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு நோட்டில் போய் நின்றது. அதற்கு முந்தைய வருடத்து நோட்டுகளில் இரண்டாம் பகுதி ஒழுங்காக இருந்தது. தப்பு நடந்த நோட்டின் அட்டையில் ஃபர்சானா, இரண்டாம் வருடம் என்று இருந்தது. ரம்ஜான் மாதம், ஒப்படைக்கக் கடைசி நாள், நோன்பு திறக்க நேரமாகிவிட்டது, பார்த்து எழுதும்போது இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் அடுத்த வருடத்துக்காரர்கள் அவள் நோட்டைத்தான் கேட்டு வாங்கினார்கள். கொஞ்ச நேரம் அந்த நோட்டுக் கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் பாலகோபாலிடமும் அறுபது மாணவர்களிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னாள்.  ஹர்ஷிணி என்ற மாணவி, "நாங்களும் படிக்காமத்தான எழுதுனோம் மேடம், விடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அனுப்பும் பகுதியை எழுதி, அறுபது பட்டியலையும் ஒன்றாக்கி இயக்கினார்கள். கடைசியில் அப்துல் குத்தூஸின் பெயர் தானாகவே ஏறியிருந்தது. மயிலாத்தாளின் கால் விடுபட்டது. ஆனால் மயிலாத்தாள் போகவில்லை.

"நீங்க போலாமுங்க," என்றாள் ஃபர்சானா.

"அஞ்சு நாளா நிக்க வெச்சுப்போட்டு, சும்மாப் போன்னா எப்படிங்க அம்மணி? எதுக்கு நிக்க வெச்சீங்க, அதச் சொல்லுங்க. போறேன்."

முதல் ஆள் நகராமல் இரண்டாவது ஆளை அனுப்ப வழி இல்லை. பாலகோபால் ஓடிப்போய்ப் பங்கேற்புச் சான்றிதழ் ஒன்று அடித்துக்கொண்டு வந்தார், கல்லூரி முத்திரையோடு. மயிலாத்தாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வெச்சு அணில வெரட்ட முடியுங்களா?" என்று கேட்டார். பின்னால் நூறு பேர் சிரித்தார்கள். ஃபர்சானா தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்றாள்.

கேட்ட பிறகு விஷயம் சுலபமாக இருந்தது. தோப்பு மோட்டாரைப் போனிலிருந்தே போட்டு நிறுத்தலாம். ஆனால் மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்று போனுக்கு வரும் தகவல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால் மயிலாத்தாள் ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோமீட்டர் நடந்துபோய்ப் பார்க்கிறார். அது யானை வருகிற தடம். ஹர்ஷிணி அதே ஊர்க்காரி. நோட்டில் முதல் பெயராக மயிலாத்தாளைப் போட்டவளும் அவள்தான். மரத்தடியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் லேப்டாப்பைத் தட்டினாள். மோட்டார் ஓடினால் போன் மாடு மாதிரிக் கத்தும், நின்றால் கோழி மாதிரிக் கத்தும் என்று செய்து கொடுத்தாள். மயிலாத்தாள் இரண்டையும் கத்தவைத்துப் பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வரிசை ஒரு அடி நகர்ந்தது.

அன்றிலிருந்து வாசலில் மேசை போட்டு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். தாங்கள் எழுதும் புரோகிராம் யாருக்கு என்று அவர்கள் அதுவரை ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. மஞ்சள்காரருக்கு நாலு மண்டி விலையும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டியிருந்தது. உடைந்த போனுக்குள் செத்துப்போன கணவனின் குரல் இருக்கிறது, எடுத்துத் தர முடியுமா என்று ஒருத்தர் கேட்டார். மூன்று பையன்கள் இரண்டு நாள் முயன்று பதினோரு நொடிக் குரலை மீட்டார்கள், அதில் அவர் பால் வாங்கி வரவா என்று கேட்டார். இன்னொருவருக்கு ஒன்றும் வேண்டாம், மகன் ஏன் போன் பண்ணுவதில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். அதற்குப் புரோகிராம் கிடையாது. ஒரு மாணவன் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான், அவர் கிளம்பிப் போனார். பல் பிடுங்கப் போனவர் வாயைத் திறந்தபடியே சைகையில் கேட்டார், பல் டாக்டரிடம் ஆட்டோ வைத்து அனுப்பினார்கள். இதற்கு இடையில் அப்துல் குத்தூஸுக்குப் பின்னாலும் ஆட்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். அவர் தொழும்போது முன்னால் நின்ற லட்சுமணசாமி விசிறியால் எறும்பை ஓட்டிக் கொடுத்தார். என்ன செய்தாலும் நாளொன்றுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு பேருக்கு மேல் நகரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் ஃபர்சானா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ரயில் போன மறுநாள்தான் அத்தாவின் முறை வரும். வரிசையின் நடுவிலிருந்து ஒரே ஒரு பெயரை உருவி எடுக்க ஒரு வரி எழுதினாள். அதை இயக்காமல் அத்தாவிடம் போனாள்.

"ஒரு வரி போதுங்கத்தா. உங்க பேர மட்டும் எடுத்துர்றேன்."

"முன்னால எத்தன பேரு?"

"இருநூத்தி இருபத்தாறு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அப்துல் குத்தூஸ் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "தராசுத் தட்டுக்கு அடியில புளிய ஒட்டி வெக்கறவங்கள நாப்பது வருசமாப் பாத்துட்டேன் கண்ணு. நான் அங்க போயி நிக்கறப்ப என் தட்டுக்கு அடியில ஒண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது. அவன் கூப்புட்டவன், வழியும் அவன்தான் விடோணும்."

ஃபர்சானா திரும்பிப் போய் அந்த வரியை அழித்தாள். அழித்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாணவர்கள் விடியும்போதே வந்துவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அப்துல் குத்தூஸுக்கு முன்னால் அறுபத்தோரு பேர் இருந்தார்கள். பயணப் பெட்டி வந்து சாமியானா நிழலில் இருந்தது. லட்சுமணசாமி பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், விருந்தாளி யாராச்சும் வாராங்களா?" என்றார். அப்துல் குத்தூஸ் பேச்சை மாற்றினார். தண்ணீர் கொண்டுவந்த ஹர்ஷிணிதான் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.  லட்சுமணசாமி வரிசையிலிருந்து ஒதுங்கினார். "முன்னால போங்க பாய். எனக்கு ஒரு டீ குடிக்கோணும்."

மேசையில் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பெயர்கள் இடம் மாறின. புரோகிராமில் அப்படி ஒரு பகுதியே இல்லை. "மேடம், நான் ஒண்ணும் தொடலீங்க," என்றாள் ஹர்ஷிணி. அடுத்து நின்ற பெண்மணிக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது, அதைத் தைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதற்கு அடுத்தவர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிழலுக்கு நகர்ந்தார். ஒருவர், "நான் என்ன கேக்கறதுன்னே இன்னும் முடிவு பண்ணலீங்க, நீங்க போங்க," என்றார். அந்த ஊர்ப் பக்கத்தில் உதவி செய்கிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வாங்கிக்கொள்கிறவருக்குக் கூச்சமாக இருக்கும். அறுபத்தோரு பேரும் அறுபத்தோரு காரணம் சொன்னார்கள். திரையில் அப்துல் குத்தூஸின் பெயர் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. இரண்டு மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் மேசைக்கு முன்னால் நின்றார்.

கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை என்று ஆகியிருந்தது. "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டாள் ஃபர்சானா. 

"வேண்டியத இவங்க குடுத்துட்டாங்க," என்றார். "இவங்க பேரு, என்ன வேணும்னு வந்தாங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல அடிச்சுக் குடு கண்ணு. அங்க கேக்கறப்ப ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீக்கடைத் திருப்பத்தைக் கார் தாண்டியது. அவர் காரிலேயே இருந்தார். ரயில் அன்றைக்குச் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

ஹஜ்ஜில், அரஃபா மைதானத்தில் கையேந்தி நின்றபோது அவர் பெயர்களை முன்னிருந்து பின்னாக வாசித்தார் என்றும், லட்சுமணசாமியின் மகளுக்கு வரன் கேட்டார் என்றும், முடிவில் பின்னால் நிற்கிறவர்களுக்கும் என்று சேர்த்துக்கொண்டார் என்றும் உடன் போனவர்கள் சொன்னார்கள். தரச்சான்றுக் குழு மே மாதம் வந்து, வாசலில் முறையாகப் பின்னால் நின்று, இரண்டாம் நாள் மத்தியானம் உள்ளே வந்தது. இப்போது யாருடைய காலையும் எதுவும் பிடித்து வைப்பதில்லை. ஆட்கள் தாங்களாகவே வருகிறார்கள். தொண்டாமுத்தூர் பஸ் அங்கே நின்று போகிறது. வரிசையின் நீளம் சாதாரணமாக நூற்றுப் பத்து பேர். மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும்.