ஒன்பதாவது வார்டின் ஸ்டார்ட்டிங் காயில்

தொண்ணூற்றாறாம் வருஷத்துப் புரட்டாசியை நினைத்தால் கோபாலசாமிக்கு முதலில் வார்னிஷ் வாசனைதான் வரும். கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு சின்னப் பேரூராட்சியில் எரிந்த மோட்டார்களுக்குப் புதுக் காயில் சுற்றித் தரும் அவருடைய ரீவைண்டிங் பட்டறை. வார்னிஷில் முக்கியெடுத்த காயில்கள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். எதிரே ஊர்ச் சுவர்கள் எல்லாம் புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு சின்னங்களுக்காகக் காத்திருக்கும். பத்து வருஷம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் வந்திருந்தது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒலிபெருக்கி. அன்று காதைப் பொத்திக்கொண்ட அந்த இரைச்சல்கூட இன்று அவருக்கு இனிக்கிறது.

அந்த ஊரில் இரண்டு கட்சிகள். ஒன்று தறிக்கூடம் வைத்திருந்த நஞ்சுண்டனுடையது, இன்னொன்று தென்னந்தோப்புக் காளிச்சாமியுடையது. இருவரும் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் போன கல்யாணத்துக்கு மற்றவர் மறுநாள்தான் மொய் வைக்கப் போவார். இருவரும் வந்து போகிற ஒரே இடம் கோபாலசாமியின் பட்டறை. மோட்டார் எரிந்துபோனால் கட்சி பார்க்க முடியாதல்லவா?

ஊரின் சண்டை முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தது. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கும். ஒன்று மேற்கே நஞ்சுண்டன் பக்கம், மற்றது கிழக்கே காளிச்சாமி பக்கம். மாநிலத்தில் எந்தக் கட்சி ஆட்சியோ அந்தக் கட்சிக்காரர் பேச்சைத்தான் வால்வு கேட்கும். மேற்கு முதலில் திறந்தால் மேற்கே மேட்டு வீடுகள் எல்லாம் நிரம்பும், அதற்குள் தொட்டியில் மட்டம் இறங்கி அழுத்தம் போய்விடும். கிழக்கு முதலில் திறந்தாலும் அதே கதைதான். இரண்டு குழாய்களும் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து முடிகிற கடைசி இடம் ஒன்பதாவது வார்டு. அங்கே குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வரும். கோபாலசாமியின் வீடும் பட்டறையும் அங்கேதான். அவர் மனைவி ராமாமணி பதினோரு வருஷமாக அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடவை ஒன்பதாவது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. யாராவது சுயேச்சையாக நின்றால் என்ன என்று தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்து இரும்புக்கடை அப்துல் வஹீதுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"ஏனுங்க நாயுடு, ரெண்டு மாடு பூட்டுற வண்டிக்கு மூணாவது மாடு எதுக்குங்க? அந்தியூர் மாட்டுச் சந்தைல எவனாச்சும் மூணு மாட்டைச் சோடின்னு விப்பானுங்களா?"

"பாய் சொல்றது சரிதானுங்க," என்றார் கோபாலசாமி. அவருக்கு அவர் கவலை. இரண்டு கட்சிக்காரர்களும் வாடிக்கை. ஆனால் அவர் மேசைமேல் ஒரு மோட்டார் இருந்தது. மோட்டார் இருந்தால் விளக்காமல் இருக்க முடியாது அவரால்.

"இதப் பாருங்க பாய்." சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. "கரண்டு ஏறுது, சத்தம் வருது. ஏன் சுத்தல? உள்ள இருக்கிற ரன்னிங் காயில் இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு இழுப்பு. ரெண்டு பக்கமும் ஒரே பலம். எந்தப் பக்கம் திரும்பறதுன்னு நடுவுல சுத்தற ரோட்டருக்குத் தெரியாது. அப்படியே உட்டா சூடேறிக் கருகிப்போயிரும்."

விரலால் மோட்டாரின் தண்டை லேசாக வலப்பக்கம் சுண்டினார். மோட்டார் வலப்பக்கமாகப் பாய்ந்து ஓடியது. நிறுத்தி, மறுபடி போட்டு, இடப்பக்கம் சுண்டினார். இடப்பக்கம் ஓடியது.

"அட!" என்றார் வஹீது.

"தினமும் விரல் உட முடியுங்களா? அதுக்குத்தான் ஓரமா ஒரு ஸ்டார்ட்டிங் காயில். மெல்லிசுக் கம்பிதான். மோட்டாரை இழுக்கற பலமெல்லாம் அதுக்கு இல்லீங்க. எந்தப் பக்கம்னு சொல்லும், அவ்வளவுதான். இந்த மோட்டார்ல அதுதான் எரிஞ்சு போச்சு."

அதைச் சொல்லி முடித்தபோதுதான் பின்னால் ராமாமணி காலிக் குடத்தோடு நிற்பதைக் கவனித்தார்.

"அப்ப நான் நிக்கிறேனுங்க," என்றாள் அவள்.

"ஏய், நான் மோட்டாரைச் சொன்னேன்!"

"நானும் மோட்டாரைத்தானுங்க சொல்றேன்."

வஹீது சிரித்த சிரிப்பில் இரும்புக்கடையிலிருந்த பையன்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

ராமாமணிக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. "சீப்பை ஒளிச்சு வெச்சாக் கல்யாணம் நின்னு போயிருமா?" என்று நஞ்சுண்டனின் ஆட்கள் மைக்கில் கேலி செய்தார்கள். மறுநாள் காளிச்சாமியின் ஆட்களும் அதையே சொன்னார்கள். இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பட்டறைக்கு வரும் மோட்டார்கள் குறைந்தன. கோபாலசாமி வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். தாம் விளக்கியதற்குத் தாமே பொறுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ராமாமணி நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். பதினைந்து வார்டும் எண்ணி முடித்தபோது ஊரே கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தது. நஞ்சுண்டனையும் சேர்த்து அவர் கட்சி ஏழு, காளிச்சாமியையும் சேர்த்து அவர் கட்சி ஏழு, சீப்பு ஒன்று.

தலைவருக்கு மக்களே நேராக ஓட்டுப் போட்டாயிற்று; துணைத் தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் காலையில் காளிச்சாமி தானே ஒரு நல்ல மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"இதுக்கு ஒண்ணுமில்லீங்களே," என்றார் கோபாலசாமி.

"தெரியுமுங்க. அம்மணியப் பார்க்கோணும்."

ராமாமணி ஒரு தாளை நீட்டினாள். பதினைந்து வார்டுக்கும் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வால்வு திறப்பது என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். ஒன்பதாவது வார்டுக்குத் திங்கள், வியாழன் காலை ஆறு மணி. அந்த ஒரு மணி நேரம் மற்ற வால்வுகள் மூடியிருக்க வேண்டும்.

"இதுல கையெழுத்துப் போடாதவங்களுக்கு என் ஓட்டு இல்லீங்க."

காளிச்சாமி தாடையைத் தடவினார். நஞ்சுண்டன் செத்தாலும் இதில் கையெழுத்துப் போட மாட்டான் என்பது அவருக்கு நிச்சயம். போட்டார்.

சாயங்காலம் நஞ்சுண்டன் மோட்டார்கூட இல்லாமல் வந்தார். ராமாமணி அதே தாளின் இன்னொரு பிரதியை நீட்டினாள். காளிச்சாமி செத்தாலும் இதற்கு ஒத்துக்க மாட்டான் என்று அவருக்கும் நிச்சயம். அவரும் போட்டார். இருவரில் ஒருவர் மற்றவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். பன்னிரண்டு வருஷம் பேசாத வாய்கள், பேசவில்லை.

மறுநாள் வாக்கெடுப்புக்கு முன்னால் ராமாமணி இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த கோபாலசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"நீயுமாடா போட்டே?" என்றார் காளிச்சாமி. பன்னிரண்டு வருஷத்தில் அவர் நஞ்சுண்டனிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீ போடுவேன்னு எனக்கு எப்படிறா தெரியும்?"

நஞ்சுண்டன் எட்டுக்கு ஏழு என்று ஜெயித்தார். "ஏன் அவருக்குப் போட்டே?" என்று கோபாலசாமி வீட்டில் கேட்டார். "மோட்டாரைச் சாக்கு வெச்சுக்கிட்டு வரல, நேரா வந்தாருங்க," என்றாள் ராமாமணி. அடுத்த கூட்டத்தில் வால்வு நேரப் பட்டியல் பதினைந்து கையோடு நிறைவேறி, தொட்டியின் காலில் நீலப் பெயின்ட்டில் ஏறியது. முதல் வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஒன்பதாவது வார்டுக் குழாயில் காற்று வந்தது. அப்புறம் இருமியது. அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. தெளியும்வரை எல்லோரும் குடம் வைக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்தக் காலையைக் கோபாலசாமி இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்லி முடித்ததில்லை.

ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தல். 'ஒன்பதாவது வார்டுக்குத் தண்ணீர் தந்தது நாங்களே' என்று இரண்டு கட்சிகளும் சுவரில் எழுதின. ராமாமணிக்கு அறுபத்தோரு ஓட்டுதான் விழுந்தது; தோற்றுப்போனாள்.

மறுநாள் வஹீது ஆறுதல் சொல்ல வந்தார். மேசைமேல் ஒரு மோட்டார் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. முக்கால் வேகத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

"அது என்னங்க நாயுடு?"

"ஸ்டார்ட்டிங் காயில் கழண்டுக்கிச்சுங்க பாய். வேகம் புடிச்சதும் உள்ள இருக்கிற சுவிட்ச் அதை வெட்டி உட்டுரும். இல்லீன்னா அது எரிஞ்சு போயிரும்."

"பாத்தீங்களா! உங்க வாயாலயே சொல்லிப்போட்டீங்க. அம்மணி வேலை முடிஞ்சுது. ரெண்டு மாடே போதும்."

கோபாலசாமிக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ராமாமணி அப்போது குழாயடியிலிருந்து வந்தாள்.

"இன்னைக்குத் தண்ணி ஆறே காலுக்குங்க," என்றாள். "போன வாரம் ஆறு பத்து. ஏனுங்க, கரண்டு போயிட்டு வந்தா உங்க மோட்டாரு மறுபடி எப்படிங்க கிளம்பும்?"

"நின்னு போச்சுன்னா அந்த ஸ்டார்ட்டிங் காயில் மறுபடி சேந்துக்கும்," என்றார் கோபாலசாமி. மோட்டாரை நிறுத்தினார். மூலையில் மிச்சமிருந்த சீப்பு நோட்டீஸ்களைச் சேர்த்து அடுக்கினார். காயிலுக்கு அடியில் வைக்கிற தடித்த காகிதத்தில் அவற்றைச் சுற்றினார். அந்தக் காகிதத்தில் லேசில் ஈரம் ஏறாது. பருத்தி நாடாவால் இறுக்கிக் கட்டி, பரண்மேல், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.