மூன்றாம் படி

வானொலியில் பாட்டுக்குப் பொருள் சொல்பவரை ஊரே ‘விளக்க மாமா’ என்றுதான் கூப்பிடும். முதல் நாள் நிலையத்துப் பெட்டியில் நேயர்கள் போட்ட உறையை மறுநாள் நேரலையில்தான் பிரிப்பார். முன்கூட்டிப் பார்த்தால் அது கெட்டிக்காரத்தனமா? பதினெட்டு வருடமாக ஒருதரம்கூடத் திணறியதில்லை என்று மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று காலை பதினோரு மணிக்குப் பிரித்த காகிதத்தில் பெயரில்லை. தட்டச்சு செய்த நாலே வரி.

“மூன்றாம் படி முனகும், தாண்டி இறங்குவேன்” என்று படித்தார். “நேயர்களே! ஆசை, கோபம், அகந்தை. மூன்றையும் தாண்டிவிட்டால் ஆன்மாவுக்கு விடுதலை!” வழக்கம்போல் நன்றாகவே அளந்தார்.

“மாடிச் செடிக்கு நேற்றே தண்ணீர் விட்டேன்.”

இரண்டாவது வரியைப் படித்ததும்தான் அவருக்கு உறைத்தது. அவர் வீட்டு மாடிப்படியில் மூன்றாவது பலகைதான் முனகும். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அவர் மகள்.

வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று போன வாரம் அவள் கேட்டாள். “வேலைங்கறது சாக்கும்மா. உனக்கு எங்க மேல கோவம்” என்று அதற்கும் பொருள் சொல்லிவிட்டு எழுந்து போனவர் இவர்.

“கேட்டதற்கெல்லாம் பொருள் சொன்னாய், பதில் சொல்லவில்லை.” இது மூன்றாவது வரி. நாலாவதை அவரால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. ‘உன் குரல் வானொலியில் ஒலிக்கும்போது வாசலைத் தாண்டுவேன்.’

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ‘பேசுங்க’ என்று கையை ஆட்டினார். பயம் என்றால் அப்படியொரு பயம். வீட்டுச் சமையலறையில் மனைவி வானொலியை அலறவிட்டிருப்பாள். மகள் இன்னும் மாடியில் இருந்தால் அவளுக்கும் கேட்கும்.

“இந்தப் பாட்டுக்கு எனக்குப் பொருள் தெரியலை” என்றார். “எழுதின பொண்ணு கேட்டுட்டிருந்தா... போயிட்டு வாம்மா. ஒளிஞ்சு போக வேண்டாம். அந்தப் படியை நல்லா மிதிச்சு இறங்கு. அம்மாவுக்குக் கேக்கட்டும்.”

ஒலிப்பதிவாளர் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார். அது முடிவதற்குள் கைபேசி அதிர்ந்தது.

“என்னங்க, படி சத்தம் கேட்டுச்சு. பையும் கையுமா நிக்கறா. அவகிட்ட குடுக்கறேன். ஏதாவது விளக்கம் சொன்னீங்க, நானே போனை வச்சிருவேன்!”

போன் மகளின் கைக்கு மாறியது. வாய்வரை வந்த நூறு விளக்கங்களை அவர் விழுங்கினார்.

“எத்தனை மணிக்கும்மா பஸ்? வழியனுப்ப நானும் வரட்டுமா?”