விடோயேயின் விரல்கள்

சென்காவின் சர்க்கரைக் கணக்கு நோட்டை நான் நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் 4.8, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 5.9. ஒரு நாளும் 7-ஐத் தொடவில்லை; எங்கள் ஊர்க் கருவிகளின் கணக்கில் அதற்குள் இருந்தால் நல்ல சர்க்கரை. பொய்க் கணக்கு எழுதுகிற கர்ப்பிணிகளின் நோட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரைப் பார்க்கப் போகும் பஸ்ஸிலேயே ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பார்கள். அதில் ரத்தக் கறை இருக்காது. சென்காவின் நோட்டிலோ பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னக் கறை. போதாததற்குச் சர்க்கரை பார்க்கும் கருவியையும் கையில் வாங்கி, அதில் பதிவாகியிருந்த எண்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒத்துப்போயின.

என் பெயர் தொப்ரிலா. மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சென்காவுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு கரு கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. ஆறாம் மாத முடிவில் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவளைவிட அவள் கணவன் விடோயேதான் அதிகம் பயந்தான். அவன் நாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவன். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். அவன் பஸ்ஸில் நான் ஏறிவிட்டால் இறங்கும்வரை கேள்விதான்.

"சிஸ்டர், உருளைக்கிழங்கு குடுக்கலாமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

"கொஞ்சூண்டுதான் சிஸ்டர். அவ தட்டுல என்ன இருக்கோ அதேதான் என் தட்டுலயும். ரொட்டிகூடக் கருப்பு ரொட்டிதான். எனக்கே நாலு கிலோ கொறஞ்சிருச்சு."

"உன்ன மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்ச்சிருந்தா நான் ஏன் இந்த வயசுல பஸ்சு ஏறி அலையப்போறேன்?"

பஸ்ஸே சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது.

ஸ்கேனில் பிள்ளை மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருந்தது. அப்பனைப் பார்த்தால் தெரியாதா என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலாஸ் நாள். விடோயேயின் குடும்பத்துக்கு அவர்தான் காவல் புனிதர். அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, தெரிந்தவர்கள் தாமாகப் போவார்கள். வீட்டுத் தலைவன் அன்று உட்கார மாட்டான். கடைசி விருந்தாளி கிளம்பும்வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். நான் போனபோது மேசையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நோன்புக் காலம் என்பதால் மீன்தான் சமைத்திருந்தார்கள். வாசலிலேயே சென்கா தட்டை நீட்டினாள். அவித்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்துப் பிசைந்தது. ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை.

உட்கார்ந்தேன். விடோயே வந்து என் கோப்பையில் ஒயின் ஊற்றினான். அப்போது அவன் இடது கையைப் பார்த்தேன். விரல் நுனிகளின் இரண்டு ஓரமும் புள்ளி புள்ளியாக இருந்தது. பழைய புள்ளிகள் கருப்பு, புதியவை சிவப்பு. அந்தப் புள்ளிகளை எனக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும்.

"என்னப்பா, உனக்கும் சக்கரையா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு சிஸ்டர் சக்கர வருது?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனான்.

நான் திரும்பி, தட்டைப் பிடித்திருந்த சென்காவின் விரல்களைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி சுத்தமாக இருந்தன. இரண்டு பேரையும் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"யாரு ரத்தம் அது, நோட்டுல இருக்குறது?"

சென்கா தலையைக் குனிந்துகொண்டாள். விடோயேதான் பேசினான்.

"ரத்தத்தப் பாத்தாலே இவளுக்குக் கை நடுங்குது சிஸ்டர். ரெண்டு தடவ கரு கலைஞ்சப்ப பாத்தாளே, அந்த நெனப்பு. ஒரு நாளைக்கு நாலு குத்து. மொத நாளே மயங்கி விழுந்துட்டா. நாங்க ஒரே பானையிலதான் சாப்பிடுறோம். நான் பொய்யா எழுதல. நெசமாவே குத்தி, நெசமாவே பாத்துதான் எழுதினேன். ஒரே பங்க்குல டீசல் போட்ட ரெண்டு பஸ்சு மாதிரி..."

"டேய், அதுல ஒரு பஸ்சுக்கு இஞ்சின் கோளாறுடா!"

நான் போட்ட கூச்சலில் வெளியே விருந்தாளிகளின் பேச்சு நின்றுவிட்டது. சென்காவின் கையை இழுத்தேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். அவர்கள் கருவியிலேயே குத்திப் பார்த்தேன். 12.6.

"இது நல்ல நம்பரா சிஸ்டர்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். நான் அவள் குளிர்கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மெழுகுவத்தி எரியும்போது வீட்டுத் தலைவன் வாசல் தாண்டக் கூடாது. விடோயே ஒயின் குவளையைப் பக்கத்தில் நின்ற யார் கையிலோ திணித்துவிட்டு, வீடு நிறைய ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, எங்களோடு காரில் ஏறிவிட்டான். ஊர் அதை இன்னும் பேசுகிறது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். பத்தாம் நாள் பிள்ளையின் இதயத்துடிப்பு தடுமாறியது. முப்பத்தாறாவது வாரம்தான், ஆனாலும் காத்திருக்க முடியாது என்று அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. நாலு கிலோ முந்நூறு.

மறுநாள் நான் போனபோது விடோயே பச்சைக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே, சூடு காக்கும் பெட்டிக்குள் பிள்ளை கிடந்தான். மூக்கில் குழாய் வைத்துக் காற்றை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டியது. முனகல் மட்டும் வந்தது.

"பக்கத்துப் பெட்டியப் பாருங்க சிஸ்டர். ஒண்ணர கிலோ. அதுகூடத் தானா மூச்சு விடுது. இவன் இம்மாம் பெருசா இருந்துகிட்டு..."

அங்கிருந்த டாக்டரம்மா அவனுக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். நானும் ஒரு முறை சொன்னேன். தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை பிள்ளைக்கும் போகும். பிள்ளை அதைத் தின்று கொழுக்கும். உடம்புதான் வளரும், நுரையீரல் பக்குவப்படுவது தள்ளிப்போகும். ஒட்டிக்கொள்ளாமல் விரிவதற்கு நுரையீரலுக்குள் ஒரு வழவழப்பு ஊற வேண்டும். இவனுக்கு அது போதுமான அளவு ஊறவில்லை. அதற்குத்தான் மருந்து விட்டிருக்கிறார்கள்.

"அப்ப நான்தான் பண்ணிட்டேன்."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "பாதி நீ. மீதி நான். நாலு தடவ வந்தேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என் முன்னாடி குத்திக் காட்டுன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நோட்டப் பாத்துட்டு, உங்க வீட்டு செர்ரிப் பழ ஜாமை நக்கிட்டுக் கெளம்பிட்டேன்."

மாடியில் படுத்திருந்த சென்காவைப் பார்க்கப் போனேன். அவள் யாரையும் திட்டவில்லை. "நானும் ஒத்துக்கிட்டேனே சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். அவள் விரல்களில் இப்போது புள்ளிகள் இருந்தன.

இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை திடீரென்று அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். குத்தும்போது பிள்ளை வாயைத் திறப்பான், சத்தம் வராது. அழுவதற்கு வேண்டிய மூச்சு அவனிடம் இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் விடோயே தன் இடது கையைப் பாக்கெட்டுக்குள் இறக்கிக்கொள்வான். நான்கு நாள் அப்படியே போயின. மூன்றாம் நாள் முனகலும் குறைந்தது; காற்றின் அழுத்தத்தைக் கூட்டினார்கள். அன்று எனக்கும் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை குழாயை எடுத்துவிட்டார்கள் என்று போன் வந்தது. நான் போய்ச் சேர மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. பெட்டிக்குள் பிள்ளை மூக்கில் எதுவும் இல்லாமல் கிடந்தான். விலா ஒட்டவில்லை. விடோயே கண்ணாடியில் நெற்றியை வைத்து ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தான்.

உள்ளே நர்ஸ் பெண் ஊசியோடு வந்து பிள்ளையின் காலைப் பிடித்தாள். விடோயேயின் கை பாக்கெட்டுக்குப் போனது. குத்தினாள்.

பிள்ளை வாயைத் திறந்தான். வார்டே அதிர ஒரு அலறல் அலறினான். தடித்த கண்ணாடியைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு, கோபமாக, மறுபடியும் அலறினான். நர்ஸ் பெண் குதிகாலில் பஞ்சை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டான்.

விடோயேயின் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைத் தட்டியது. முகமெல்லாம் நனைந்திருந்தது.

"சிஸ்டர், இன்னொரு தடவ குத்தச் சொல்லுங்க."

"பைத்தியமாடா உனக்கு? பச்சப் புள்ளடா!"

திட்டினேன். ஆனால் எனக்கும் இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது.