ஜும்ஆ நேரத்துக் கவுண்டர்

பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குத் தற்காலிகத் தலைவராக யாரைப் போடுவது என்று பிரதேச செயலாளர் செசிலி மேடம் மாத முடிவில் சொல்லப்போகிறார் என்றதிலிருந்து, ஸம்றாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே றிபாத்துக்கு வயிறு எரிந்தது. அவள் அவனுக்குப் பிந்தி வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் கோப்புக் கட்டவே அவன்தான் சொல்லிக்கொடுத்தான். இப்போது கந்தோருக்கு வருகிற சனம் அவனைத் தாண்டி அவளுடைய மேசையைத் தேடிப் போகிறது.

வீட்டில் மனைவி நுஸ்ஹா வேறு சிரித்துக்கொண்டே குத்தினாள். “அவ தலைவரா வந்தா, நீங்க லீவு எடுக்கிறதுக்கும் அவட கையெழுத்துத்தான் வேணும், என்ன?”

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பின்னால் வயல்கார அபூசாலி காக்கா யாருக்கோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

“காணி விசயமெண்டா பொண்டாட்டிய இந்த நேரத்தில அனுப்பு. ஆம்பிளையள் ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க. ஸம்றா மிஸ் கையோட முடிச்சுத் தந்திருவா.”

பொய்யில்லை. கிளையில் ஆண்கள் மூன்று பேர்தான். ஜும்ஆவுக்குப் போனால் மூவரும் வீட்டில் சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்து எழும்பித்தான் திரும்புவார்கள். அதுவரை கவுண்டர் பெண்களின் கையில். அவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று றிபாத் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று வழி நெடுக யோசித்தான். இரக்கப்பட்டு அல்ல.

மாதக் கூட்டத்தில், உத்தியோகத்தர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், என்ன குறை என்று சொல்லுங்கள் என்றார் மேடம். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். றிபாத் எழும்பினான். வெள்ளிக்கிழமை ஆண்களுக்கு ஓய்வு கிடைக்கிறது, பெண்களுக்கு இல்லை, ஜும்ஆ நேரம் கவுண்டரைப் பூட்டிவிடலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். கவுண்டரைப் பூட்டினால் ஸம்றாவின் பெயரும் அதோடு பூட்டுப்படும் என்பது அவன் கணக்கு.

கிளையின் பெண்களில் மூத்தவரான நஸீறாவுக்கு, அக்கா முறையில் எல்லோரும் தாத்தா என்று கூப்பிடுகிறவருக்கு, கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசமாக வெள்ளிக்கிழமைகளில் சோற்றுப் பெட்டியை மேசைக்குக் கீழே வைத்து, ஆள் வராத இடைவெளியில் ஒவ்வொரு வாயாகத் தின்பதை அவர் எடுத்துச் சொன்னார். அங்கே வந்து இரண்டு வருசமாகியும் தன் காதுக்கு இது வரவில்லையே என்று மேடம் முகம் சுருங்கினார்.

அப்போதுதான் ஸம்றா, வழக்கம்போல அவனை அண்ணன் முறை வைத்து, வாய் திறந்தாள்.

“றிபாத் நானா சொன்னது நல்ல விசயம், மேடம். ஆனா பூட்டினா, அந்த நேரம் பார்த்து வாற பொம்புளையள் பாவம். வெள்ளி நாங்களே பார்க்கிறம். வியாழன் பகல்ல நானாமார் கவுண்டர்ல நிக்கட்டும், நாங்க ஆறுதலா இருந்து சாப்பிடுறம்.”

மேடம் அவளைப் பார்த்த பார்வையிலேயே றிபாத்துக்கு விளங்கிவிட்டது. மாத முடிவில் ஸம்றாவின் பெயரைச் சொல்லிவிட்டு, அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிரச்சினைய நீங்க சொன்னீங்க, றிபாத். வழிய அவ சொன்னா.”

அந்த ஒழுங்கு தொடங்கிய முதல் வியாழன். மற்ற இரண்டு பேரும் கைபேசியில் குனிந்திருக்க, றிபாத் கவுண்டரில் நின்றான். வயதான பெண் ஒருவர் காணிக் கடதாசிகளை நெஞ்சோடு அணைத்தபடி எட்டிப் பார்த்தார்.

“ஸம்றா மிஸ் இல்லியா மகன்?”

“சாப்பிடுறா. தாங்க, நான் பார்க்கிறன்.”

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “பரவால்ல மகன், மறுகா வாறன்.”

வெளியே போய் வேம்பின் கீழே வெயிலும் நிழலுமாக நின்றார். றிபாத் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். அவர் அவனை வாழ்த்தித் துஆச் செய்துவிட்டு உட்கார்ந்தார். கடதாசிகள் அவர் மடியிலேயே இருந்தன.

திரும்பி வரும்போது உள்ளறையிலிருந்து சிரிப்புக் கேட்டது. நஸீறா தாத்தா ஏதோ சொல்ல, ஸம்றா விழுந்து விழுந்து சிரித்தாள். றிபாத் கவுண்டருக்குப் போகாமல் சுவரோரம் நின்றான், அந்தச் சிரிப்பில் தன் பெயர் வருகிறதா என்று கேட்பதற்கு.

வரவில்லை. அதுவும் அவனுக்கு எரிந்தது.